கொக்கிப் புழுவும் மாணவர் முகாமும்

நமது கிராமங்களில் ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்கள் ஏழு நாட்கள் தங்கித் தொண்டு செய்வதைச் சங்க அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ம் வருஷத்தில், 37 சர்வகலாசாலைகளில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சேர்ந்தவை இம்முகாம்கள். கோவில் பிராகாரத்தைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது முதலிய வேலைகளோடு வயிற்றுப் புழுக்களைப் பற்றிய பிரசாரமும் சில முகாம்களில் நடைபெறுகிறது. அட்டைகளில் எழுதிய வாசகங்களை ஏந்தி ஊர்வலம் போவதோடு அது முடிந்துவிட்டால் பயன் சொற்பமே. கொக்கிப் புழு ஒன்றைப் பற்றி மட்டுமாவது அவர்கள் நன்கு விளக்கவும், நாம் பொறுமையோடு கேட்கவும் செய்தால், அந்த ஏழு நாட்களும் வீண்போகா.

கொக்கிப் புழு அரை அங்குலத்துக்கும் குறைந்த நீளமுள்ளது. மனிதனுடைய சிறுகுடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி ஜீவிக்கிறது. பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவை மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாட்களில் பொரிக்கின்றன. ஒரு வாரம் பத்து நாட்களில் அக்குஞ்சுகள் மனித உடலினுள் புகத்தக்க பருவத்தை அடைகின்றன. உலர்ந்த நிலத்திலும் கடும் வெயிலிலும் அவை மடிந்துபோகும். வாய்க்கால் கரை, வாழைத் தோட்டம், தோப்பின் ஓரம் ஆகியவையே அவைகளுக்கு உகந்த இடங்கள். மறைவை நாடி ஜனங்கள் வெளிக்குப் போவதும் பெரும்பாலும் இவ்விடங்களுக்கே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்புழு வாய் வழியாகவே உட்செல்லுமென்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துவந்த லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் கையில் புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தற்செயலாய்ச் சிந்தியது. சிந்திய இடம் சிவந்து அரித்தது. பின்னர் தம் மலத்தைச் சோதித்து வந்தவர், அதில் கொக்கிப் புழுவின் முட்டைகளைக் கண்டார். தோலைத் துளைத்தே குஞ்சு நுழைகிறது என்னும் உண்மையை அவர் 1898-ல் வெளியிட்டார். வெறுங்காலோடு நடப்பவரின் விரலிடுக்கில் நுழையும் குஞ்சு, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்ச் சேருகிறது. சேற்றுப்புண் என்று நாம் அலட்சியம் செய்யும் அரிப்பு, சில சமயங்களில் இது நுழைந்த அடையாளமாகவும் இருக்கலாம்.

தென்னிந்தியாவில் மிகுதியாயுள்ள இனத்தில், ஒரு புழுவினால் நாளொன்றுக்கு நஷ்டமாகும் இரத்தம் சுமார் 0.03 மில்லி லிட்டர். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் நூறு புழுக்கள் இருப்பின் மாதத்துக்கு 90 மில்லி லிட்டர் ஆகிறது. தண்டல்காரனின் நாள்வட்டியைப் போல இது விடாமல் நடக்கும். புழு பல வருஷம் உயிரோடிருக்கக்கூடியது. போதிய உணவில்லாதவர்களுக்கு இதனால் சோகை உண்டாகிறது. முகம் வெளுக்கிறது, நாலு பாத்தி கொத்துவதற்குள் மூச்சு வாங்குகிறது. பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் செல்வதில்லை. கர்ப்ப ஸ்திரீகளுக்கு விளையும் தீங்கு இன்னும் பெரிது. அங்கத்தினர் ஒருவர் தவணை தவறினால் மழையையும் விளைச்சலையும் விசாரிக்கிறோம். அவருடைய இரத்த பலத்தை விசாரிப்பதில்லை. சோம்பேறி என்று பெயரெடுத்தவர்களில் எத்தனை பேர் நோயாளிகளோ!

இதற்கு மருந்து உண்டு. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாய் வழங்கப்படுகிறது. பிள்ளை மாத்திரை தின்றுவிட்டது, காரியம் முடிந்தது என்று பெற்றோர் நினைப்பதுதான் தவறு. மாத்திரை குடலிலுள்ள புழுவைக் கொல்லுமேயன்றி மண்ணிலுள்ள குஞ்சை ஒன்றும் செய்யாது. மறுநாள் அதே கரையில் வெறுங்காலோடு நடந்தால் மறுபடியும் புழு சேரும். தவிர, வயலில் நாள் முழுதும் நிற்கும் தாய் தந்தையர் அவ்வயது வரம்புக்குள் வருவதில்லை. சோகை கண்டவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலத்தையும் இரத்தத்தையும் சோதிக்கச் செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் மாத்திரை உட்கொள்ளலாகாது.

நிலையான தடுப்பு கக்கூஸ்தான். 1930-களில் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப் புழு ஒழிப்பை முன்னிட்டே துளைக் கக்கூஸைப் பரப்பினார்கள். துரப்பணத்தால் ஏறக்குறைய 20 அடி ஆழம் குடையப்பட்ட குழி, ஐந்தாறு பேருள்ள குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் போதுமானதாயிருந்தது. இக்காலத்துக்கு ஏற்றது இரட்டைக் குழிக் கக்கூஸ். ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்கு மாற்றி, நிரம்பியதை இரண்டு வருஷம் மூடி வைத்தால் உள்ளிருப்பது எருவாகிவிடும். கிணற்றிலிருந்து குழி 10 மீட்டராவது தள்ளியிருத்தல் வேண்டும். 2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் இதற்கென 12,000 ரூபாய் ஊக்கத்தொகை ஏற்பட்டது. அப்பணத்தில் கட்டிய சில கக்கூஸ்களில் விறகும் வரட்டியும் அடுக்கியிருப்பதைப் பார்க்க வருத்தமாயிருக்கிறது. ஒரு வீட்டார் மட்டும் திருந்தினால் போதாது. அடுத்த வீட்டார் அசுத்தம் செய்த கரையில்தான் இவர்களுடைய பிள்ளையும் நடக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் இதைத் தெருத்தெருவாய்ச் சேர்ந்து செய்யவேண்டிய காரியமாக நமது சங்கங்கள் கருத வேண்டும்.

மாணவர்களின் உதவி இங்கேதான் வேண்டும். 1909-ல் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு வேலை ஆரம்பமானபோது, பிரசங்கத்தோடு நில்லாமல், மைக்ராஸ்கோப்பு என்னும் பூதக்கண்ணாடியின் மூலம் முட்டைகளை ஜனங்களுக்கே காட்டினார்கள். பல்லாயிரம் பேர் சிகிச்சைக்குத் தாமாகவே வந்தனர். முகாமுக்கு வரும் மாணவர்களிடம் நமது சங்கக் காரியதரிசிகள் இதையே கேட்கலாம். கல்லூரியிலிருந்து மைக்ராஸ்கோப்பு ஒன்றையும், அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியரையும் அழைத்து வரச்சொல்லலாம். கூட்டத்தைப் பகலில் வைத்தால் கிழவர்களும் குழந்தைகளுமே வருவார்கள். வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபின், இரவு எட்டு மணிக்குச் சங்கக் கட்டிடத்திலேயே வைத்துக்கொள்வது நலம். ஸ்திரீகளிடம் மாணவிகளே தனியாகப் பேசட்டும். முட்டை காணப்பட்டவர்களின் பெயர்களைக் கூட்டத்தில் படிக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மட்டும் எழுதியனுப்ப வேண்டும்.