மயிலிறகும் மோர்ஃபோவின் நீலமும்

தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் நீல மோர்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் சிறகில் நீலச் சாயம் ஏதுமில்லை. செதில்களை அரைத்தால் எஞ்சுவது பழுப்புத் தூளே. செதிலின் மேல் நுண்ணிய வரப்புகள். ஒவ்வொரு வரப்பிலும் கைட்டின் தகடுகளும் காற்றுப் படலங்களும் ஏறத்தாழ 200 நானோமீட்டர் இடைவெளியில் மாறி மாறி அமைந்துள்ளன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளுள் நீல அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, ஏனையவை மங்குகின்றன. சிறகில் ஆல்கஹால் துளியொன்றை விட்டால், காற்றிருந்த இடத்தில் திரவம் புகுந்து நீலம் பச்சையாகும், உலர்ந்ததும் மீளும். சாயமாயின் இவ்வாறு நிகழாது.

கி.பி. 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், மயிலிறகும் ‘அபூ கலமூன்’ என்னும் ஆடையும் ஒளிக்கேற்ப நிறம் மாறித் தோன்றுவதைக் குறித்துள்ளார். இதனைக் கொண்டு, இவ்விதியைக் கண்டவரே அவர்தாம் என நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அது பிழை, அவருக்குப் பெருமையும் அன்று. ஒளியலைகளின் குறுக்கீட்டை 1801இல் விளக்கியவர் தாமஸ் யங். சிறகின் அடுக்குகளோ, 1940-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியாகவே புலப்பட்டன.