ஜன்னலோரம் ஒரு எலுமிச்சை!

ஹாஸ்டல் ரூம்ல என்னவெல்லாம் வளர்ப்பீங்க? தாடி, அரியர்... அதை விடுங்க பாஸ்! ஒரு எலுமிச்சை மரம் வளர்த்துப் பாருங்களேன்.

சிரிக்காதீங்க. தொட்டியில வளர்த்த ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்துல உள்ளே வைக்கவே பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையில தனி மாளிகை கட்டினார் (1684-86). நமக்கு அந்தக் குளிர் பிரச்னை இல்லை. எறையூர் வெயிலுக்கு நாமதான் உள்ளே ஓடணும்!

எறையூர்ல எங்க கொல்லையில அப்பாயி நட்ட எலுமிச்சை ஒண்ணு நின்னுச்சு. போன வருஷம் வீட்டை இழுத்துக் கட்டினப்போ வெட்டிட்டாங்க. அப்பாயி ஒரு வார்த்தை பேசலை. கடைசி நாலு பழத்தை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அதுல ஒண்ணோடு நான் ஹாஸ்டலுக்கு பஸ் ஏறினேன்.

'விதை போட்டா அதே மரம் வராதுடா'ன்னு ரூம்மேட் பயமுறுத்தினான். ஆனா, எலுமிச்சை மேட்டரே வேற! ஒரே விதையில ரெண்டு, மூணு முளை வரும். அதுல ஒண்ணு மகரந்தம் சேர்ந்து உருவானது. மத்ததெல்லாம் தாய்மரத்தோட திசுவுல இருந்தே வர்ற அச்சு அசல் காப்பி. பெரும்பாலும் தெம்பா வளர்றது இந்தக் காப்பிதான்.

நீங்களும் ரெடியா? இதோ டிப்ஸ்...

விதை: காய விடாதீங்க. எடுத்தவுடனே கழுவி, அரை இன்ச் ஆழத்துல ஊன்றுங்க. ரெண்டு, மூணு வாரத்துல முளைக்கும்.

மண்: நம்ம பக்கத்துக் கரிசல், தண்ணியைப் பிடிச்சு வெச்சு வேரை அழுக வெச்சுடும். செம்மண், மணல், மக்கின எரு சம அளவு போதும். தொட்டி அடியில ஓட்டை கட்டாயம்!

தண்ணி: பாசத்துல தினமும் ஊத்தி முதல் தொட்டியை நானே கொன்னுட்டேன். மேல் மண் ஒரு இன்ச் காய்ஞ்சா மட்டும் ஊத்துங்க.

வெயில்: தினமும் ஆறு மணி நேரமாவது வேணும். ட்யூப்லைட் பத்தாது. ஜன்னல்ல வெயில் வரலைன்னா வராண்டாவுக்குத் தூக்குங்க.

இலை: நரம்பு பச்சையா, மத்த இடம் மஞ்சளா இருந்தா, பெரும்பாலும் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பு கலந்த போர் தண்ணி அதைச் செடிக்குச் சேர விடாது. மழைத்தண்ணி நல்லது.

புழு: பறவை எச்சம் மாதிரி இலையில ஒட்டியிருந்தா, அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோட குழந்தை! சின்னச் செடியை மொட்டையடிச்சுடும். கையால எடுத்துடுங்க.

விதைக்கன்று காய்க்க நாலஞ்சு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். அவசரக்காரங்க, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்-1 ரகத்துல பதியன் கன்று வாங்கிக்கலாம். நான் காத்திருக்கேன்.

ரெண்டாவது தொட்டி பிழைச்சு, இப்போ ஒரு சாண் உயரம். லீவுல மடியில வெச்சு ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பாயி ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தாங்க.

"நம்ம மரந்தான்டா!"