பொம்மைத் துப்பாக்கிக்குள் ஒரு சைக்கிள் பம்பு!

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழா 10 நாள் நடக்கும். 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏறும் நாளில் ஊரே ஜன சமுத்திரம் ஆகிவிடும்.

திருவிழா என்றால் சாமி தரிசனம் மட்டுமா? வளையல் கடை உண்டு. பொரிகடலைக் கடை உண்டு. ராட்டினம் உண்டு. தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் பையன்களை இழுத்து நிறுத்தும் இன்னொரு கடையும் உண்டு. அதுதான் பலூன் சுடும் கடை!

"டப்" என்று பலூன் உடைந்தால் ஒரே குதூகலம். உடையாவிட்டால், "துப்பாக்கி சரியில்லை" என்று ஒரு பேச்சு.

துப்பாக்கி சரியாக இருப்பது என்றால் என்ன? குண்டு வேகமாகப் போவதா? குறி தப்பாமல் போவதா?

பல நாடுகளில் ஒரு கூட்டமே இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு இருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது "ஏர்சாப்ட்" என்னும் மின்சார விளையாட்டுத் துப்பாக்கி. வீட்டு மேஜையில் அதைக் கழற்றிப் போட்டுச் சீர்படுத்துவது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் அந்தத் துப்பாக்கிக்குள் என்னதான் இருக்கிறது? வாருங்கள், பார்ப்போம்!

ஜப்பானில் பிறந்தது

ஜப்பானில் சாதாரண ஜனங்கள் நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்வது மிகக் கடினம். அங்கே சட்டம் அவ்வளவு கடுமை. ஆனால் துப்பாக்கி மேல் ஆசை உள்ளவர்கள் எங்கும் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்காக 1970களில் அங்கே பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகள் தோன்றின.

1991ல் "டோக்கியோ மருய்" என்ற கம்பெனி பாட்டரியில் ஓடும் துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டு வந்தது. பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கியான "பாமாஸ்" போன்ற உருவத்தில் அது இருந்தது. விசையை அழுத்திப் பிடித்தால் குண்டுகள் சரமாரியாகப் பாய்ந்தன. அந்த அமைப்புதான் பிறகு உலகம் முழுவதும் பரவியது.

இதன் குண்டு வெறும் பிளாஸ்டிக் உருண்டை. குறுக்களவு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். எடை பெரும்பாலும் 0.20 கிராம். அதாவது, ஐந்து குண்டு சேர்ந்தால்தான் ஒரு கிராம்!

உள்ளே என்ன இருக்கிறது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பைப் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குள் ஒரு தண்டு. தண்டின் நுனியில் ஒரு வாஷர். தண்டை வேகமாக அழுத்தினால் காற்று "புஸ்" என்று வெளியே வரும்.

ஏர்சாப்ட் துப்பாக்கிக்குள்ளும் இதே பம்புதான் இருக்கிறது! பம்பை நாம் கையால் அழுத்துகிறோம். அங்கே அந்த வேலையை ஸ்பிரிங் செய்கிறது.

அந்த ஸ்பிரிங்கைப் பின்னால் இழுக்க வேண்டுமே? அதற்குத்தான் மோட்டாரும் மூன்று பல்சக்கரங்களும். விசையை அழுத்தியதும் பாட்டரியில் இருந்து மின்சாரம் பாயும். மோட்டார் சுழலும். மோட்டார் முதல் சக்கரத்தைச் சுற்றும். முதல் சக்கரம் இரண்டாவதைச் சுற்றும். இரண்டாவது மூன்றாவதைச் சுற்றும்.

மூன்றாவது சக்கரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் ஒரு பக்கம்தான் பல் இருக்கும். மறு பக்கம் மொட்டை! பல் உள்ள பக்கம் வரும்போது அது பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். ஸ்பிரிங் சுருங்கும். மொட்டைப் பக்கம் வந்ததும் பிடி நழுவும். ஸ்பிரிங் விரியும். பிஸ்டன் முன்னே பாயும். அடைபட்ட காற்று குண்டைத் தள்ளும்.

இவ்வளவும் ஒரு நொடியில் பத்துத் தடவைக்கு மேல் நடந்து முடியும்!

குண்டுக்கு ஒரு சுழற்சி

குழலின் தொடக்கத்தில் ஒரு சிறிய ரப்பர் இருக்கிறது. "ஹாப்-அப்" என்று அதற்குப் பெயர். வெளியேறும் குண்டின் மேல் பக்கத்தை அது லேசாகத் தடுக்கும். அதனால் குண்டு பின்புறமாகச் சுழன்றுகொண்டே முன்னால் போகும்.

கிரிக்கெட் பந்து சுழன்றால் காற்றில் வளையும் அல்லவா? அதே தத்துவம்தான். பின்புறமாகச் சுழலும் குண்டைக் காற்று கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கும். குண்டு சீக்கிரம் தரையில் விழாது. ரப்பரை அதிகம் அமுக்கினால் குண்டு வானத்தைப் பார்த்துக் கிளம்பும். குறைத்தால் பாதி தூரத்தில் விழும். அளவோடு அமுக்கினால் நேராகப் போகும்.

மேஜை மேல் வேலை

இனி, வீட்டில் செய்யும் வேலைக்கு வருவோம். விஷயம் தெரிந்தவர்கள் ஸ்பிரிங்கைக் கடைசியில்தான் தொடுவார்கள். முதல் வேலை சுத்தம்.

குண்டுப் பெட்டியை எடுத்துவிட வேண்டும். உள்ளே குண்டு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடிக் கவசம் மாட்ட வேண்டும். ஏன்? பெட்டியைத் திறக்கும்போது ஸ்பிரிங் எகிறிக் கண்ணில் அடிக்கும்!

அடுத்து, குழலைத் துணியால் துடைக்க வேண்டும். குண்டின் குறுக்களவு ஏறக்குறைய 5.95 மில்லிமீட்டர். குழலின் உள்ளளவு 6.03 முதல் 6.08 வரை இருக்கும். இடைவெளி ஒரு தலைமுடி அளவுதான். அங்கே தூசி தங்கினால் குண்டு நேராகப் போகுமா?

ரப்பருக்குத் தையல் மிஷின் எண்ணெய் போடக் கூடாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். சிலிக்கோன் எண்ணெய் ஒரு துளி போதும்.

அதன் பின் காற்றுக் கசிவைப் பார்க்க வேண்டும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு தண்டை அழுத்திப் பாருங்கள். வாஷர் நன்றாக இருந்தால் தண்டு இறங்காது. வாஷர் தேய்ந்திருந்தால் "ஸ்" என்று இறங்கிவிடும். இங்கேயும் அதே சோதனைதான். பிஸ்டன் நுனியில் உள்ள ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் புதிது போட வேண்டும். மிகக் குறைந்த செலவு. பலன் அதிகம்!

கடைசியாகப் பல்சக்கரங்கள். அவை ஒன்றோடொன்று உரசாமலும் வேண்டும், ஆடாமலும் வேண்டும். அதற்காக அச்சில் மெல்லிய வாஷர்களைக் கோப்பார்கள். காகிதம் போன்ற கனம்! இதைப் பொறுமையாகச் செய்தால் சத்தம் குறையும். சக்கரம் தேயாது. பாட்டரியும் அதிக நேரம் வரும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நாலு சாமானை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாது.

வேகமா? சீரா?

குண்டின் வேகத்தை அளக்க ஒரு கருவி உண்டு. பத்துக் குண்டு சுட்டுப் பார்ப்பார்கள். ஒன்று நொடிக்கு 84 மீட்டர், அடுத்தது 95, அடுத்தது 88 என்று வந்தால் அந்தத் துப்பாக்கி நோஞ்சான். பத்தும் 90, 91 என்று வந்தால் அது நல்ல துப்பாக்கி.

ஆம்! எல்லாக் குண்டும் ஒரே மாதிரி போனால்தான் குறி பார்க்க முடியும். ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போனால் எங்கே குறி வைப்பது?

இதற்குச் சாட்சி நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். 1999ல் பிறந்த இவர், 2019ல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். 2008ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். 2012ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர்.

அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அளவு என்ன தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் வைத்த புள்ளி போல் இருக்கும். அதை 10 மீட்டர் தூரத்தில் நின்று அடிக்க வேண்டும். அங்கே அசுர வேகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒவ்வொரு குண்டும் முன்னதைப் போலவே போக வேண்டும்.

ஸ்பிரிங்கின் ஆசை

ஆனால் இளம் வயதில் யாருக்கும் முதலில் வருவது வேக ஆசைதான். "இன்னும் கெட்டி ஸ்பிரிங் போட்டால் என்ன?" என்று தோன்றும்.

முதல் நஷ்டம் துப்பாக்கிக்கு. கெட்டி ஸ்பிரிங்கை இழுக்க முடியாமல் மோட்டார் சூடாகும். பிளாஸ்டிக் பிஸ்டனின் பல் நொறுங்கும். சக்கரம் உடையும். விசையின் தொடுமுனை கருகும்.

அடுத்த நஷ்டம் மனிதனுக்கு. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் சக்தி 1 ஜூல். மணிக்கணக்கில் சொன்னால் 360 கிலோமீட்டர் வேகம்! வேகம் இரண்டு மடங்கு ஆனால் சக்தியும் இரண்டு மடங்குதானே என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நான்கு மடங்கு ஆகிவிடும்!

ஜப்பானில் இந்த ஆசை விபரீதத்தில் முடிந்தது. சக்தி கூட்டிய விளையாட்டுத் துப்பாக்கிகளால் ஓடும் கார்களைச் சுட்ட சம்பவங்கள் 2005ல் அங்கே நடந்தன. அரசாங்கம் சும்மா இருக்குமா? 2006ல் சட்டத்தைத் திருத்தியது. 6 மில்லிமீட்டர் குண்டு சுடும் துப்பாக்கியின் சக்தி ஏறக்குறைய 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது.

0.98 ஜூல் என்றால் எவ்வளவு? 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகும் சக்தி. "பூ, இவ்வளவுதானா!" என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சக்தி முழுவதும் ஒரு மிளகு அளவு இடத்தில் போய் விழுகிறது. அந்த இடம் கண்ணாக இருந்தால்?

கண் ஜாக்கிரதை!

கண்ணில் குண்டு பட்டால் உள்ளே ரத்தம் கசியலாம். விழித்திரை கிழியலாம். கண்புரை விழலாம். பல வருஷம் கழித்துக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை மங்கலாம்.

ஆகவே விளையாடுகிறவர், வேடிக்கை பார்க்கிறவர் இருவருக்கும் கண் கவசம் கட்டாயம். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது. அது உடைந்தால் சில்லே கண்ணில் குத்தும்.

அடிபட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காதீர்கள். அமுக்காதீர்கள். நாட்டு மருந்து விடாதீர்கள். வலி குறைந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாட்டரியும் ஜாக்கிரதை! லித்தியம் பாட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பிய பாட்டரியை மறுபடி உபயோகிக்கக் கூடாது. தீப்பிடித்துக்கொள்ளும்.

வேங்கிக்காலில் கேளுங்கள்

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்லுகிறது? 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ, குழலின் உள்ளளவு 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஏர்சாப்ட் குண்டின் சக்தி குறைவு. ஆனால் குழலின் அளவோ 6 மில்லிமீட்டருக்கு மேல்! "பொம்மைதானே" என்று வெளிநாட்டில் இருந்து தருவிப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

யாரிடம் கேட்பது? ஆயுத லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாவட்டக் கலெக்டருக்கு உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் நேரே வேங்கிக்காலுக்குப் போகலாம். வேலூர் சாலையில் உள்ள அந்த ஊரில்தான் கலெக்டர் அலுவலகம் இருக்கிறது.

இன்னொன்று. இந்தத் துப்பாக்கி பார்ப்பதற்கு நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும். கிரிவலப் பாதையில் யாராவது இதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஜனங்கள் அலறுவார்கள். தூரத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கு எது பொம்மை, எது நிஜம் என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் இத்தகைய பொம்மைகளின் குழல் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எதையும் கழற்றிப் பார்க்கும் பையனையும் பெண்ணையும் திட்டாதீர்கள். இன்று ஸ்குரூவைக் கழற்றும் கை நாளை நல்ல மெக்கானிக்கின் கையாகலாம். என்ஜினீயரின் கையாகவும் ஆகலாம்.

பழைய சைக்கிள் பம்பு ஒன்றைக் கையில் கொடுங்கள். வாஷரைக் கழற்றிப் புதிது போடச் சொல்லுங்கள். வாயை விரலால் மூடிச் சோதிக்கச் சொல்லுங்கள். காற்று கசியாமல் தண்டு நின்றுவிட்டால், ஏர்சாப்ட் வித்தையில் பாதியை அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டாயிற்று.

செலவு சில ரூபாய். கண்ணுக்கும் ஆபத்து இல்லை!