கரிசல் மண்ணில் வீட்டு அடித்தளம்

அடித்தளம் என்பது கட்டடத்தின் சுமையை நிலத்துக்குக் கடத்தும் பகுதியாகும். இது கடைக்கால், அத்திவாரம் எனவும் வழங்கப்படுகின்றது. பெரும்பாலான நிலங்களில் ஒழுங்காக இடப்பட்ட அடித்தளத்துக்குப் பின்னர் அதிகக் கவனிப்புத் தேவைப்படுவதில்லை. கரிசல் மண் இதற்கு விலக்காகும். தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதியிலும், தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விருதுநகர் போன்ற வட்டாரங்களிலும் இம்மண் காணப்படுகின்றது.

மண்ணின் இயல்பு

கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட்டு என்னும் களிமண் கனிமம் மிகுந்துள்ளது. இதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகும்போது மண் உப்புகின்றது. நீர் வற்றும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கின்றது. இவ்வசைவு ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை உணரப்படலாம். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள மண்ணில் வெயிலும் மழையும் படுவதில்லை என்பதால் அதன் ஈரம் அதிகம் மாறுவதில்லை. வெளிச்சுவர்களின் ஓரத்து மண்ணோ வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, கோடையில் காய்கின்றது. இவ்வாறு இடத்துக்கு இடம் வேறுபட்டு மண் ஏறி இறங்குவதே சுவர்களில் வெடிப்பை உண்டாக்குகின்றது.

கட்டும்போதே இதனைத் தவிர்ப்பதற்கு, அடிப்புறம் குமிழ் போல் விரிந்த நிலத்தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் இந்தியச் சூழலுக்கு ஏற்ப வளர்த்தெடுத்தது. குமிழின் விட்டம் பொதுவாகத் தூணின் விட்டத்தைப் போல் 2.5 மடங்காகும். மண் அசையாத ஆழத்தில் குமிழ் நங்கூரம் போல் பிடித்துக்கொள்கின்றது.

நீரும் மரங்களும்

கட்டி முடித்த வீட்டைப் பொறுத்தவரை, அடித்தளப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் மண்ணின் ஈரத்தை ஒரே சீராக வைத்திருப்பதே எனலாம். மாடியின் மழைநீர்க் குழாய் சுவரின் காலடியிலேயே முடிவது, குளியலறைக் கழிவுநீர் கசிவது, சுவரை ஒட்டிய பூச்செடிகளுக்கு நாள்தோறும் நீர் விடுவது ஆகியன ஒரு மூலையை மட்டும் உப்பச் செய்கின்றன. வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 1 மீட்டர் அகலத்தில் வெளிப்புறமாகச் சரியும் கற்காரைத் தளம் இட்டு, அது சுவரைச் சந்திக்கும் இடைவெளியைத் தாரால் அடைப்பது நல்ல பாதுகாப்பாகும். அமெரிக்காவின் டெக்சாசில், வறட்சிக் காலத்தில் கசிவுக் குழாய்களைப் பதித்து வீட்டோர மண்ணை நனைத்து வருவோர் உண்டு. கோடையில் குடிநீரே அரிதாகும் கரிசல் ஊர்களுக்கு அது பொருந்தாது.

மரங்கள் தத்தம் வேர்களால் மண்ணின் நீரை உறிஞ்சுகின்றன. முழு வளர்ச்சியில் மரம் அடையக்கூடிய உயரத்தின் அளவுக்காவது அதனைச் சுவரிலிருந்து தள்ளி நடுவது பாதுகாப்பானது. இலண்டன் களிமண்ணும் இதே இயல்புடையது. 1976 ஆம் ஆண்டு வறட்சியில் அங்கு மரங்களுக்கு அருகிலிருந்த வீடுகள் பல தாழ்ந்தன. எனினும், வெடிப்பைக் கண்டதும் பழைய பெருமரத்தை வெட்டிவிடுதல் தவறாக முடியலாம். உறிஞ்சுவார் இல்லாத மண் மீண்டும் நீரேறி, ஆண்டுக் கணக்கில் உப்பி வீட்டைத் தூக்கக்கூடும்.

வெடிப்புகளை அறிதல்

பூச்சில் தோன்றும் மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் அடித்தளத்தோடு தொடர்பற்றவை. சன்னல், கதவு மூலைகளிலிருந்து படிக்கட்டு போல் சாய்வாக ஓடுபவையே ஐயத்துக்குரியவை. மூலை தாழ்ந்தால் வெடிப்பு மேலே அகன்றும், சுவரின் நடுப்பகுதி தாழ்ந்தால் கீழே அகன்றும் இருக்கும். வெடிப்பின் இருபுறமும் கோடிட்டு, தேதியுடன் இடைவெளியைக் குறித்து வைத்து ஓராண்டு அளந்து வர வேண்டும். மழையில் மூடி வெயிலில் திறப்பது பருவ அசைவாகும். அதனைச் சிமெந்துக் கலவையால் இறுக அடைத்தால் அடுத்த பருவத்தில் அதன் அருகிலேயே வெடிக்கும். வெள்ளையடிக்கும் போதெல்லாம் இச்செலவு திரும்ப வரும். முதலில் நீர்க்கசிவைச் சரிசெய்து, அசைவு அடங்கிய பின்னரே அடைக்க வேண்டும்.

ஆண்டு முழுதும் விரிந்துகொண்டே போகும் வெடிப்பும், கதவுகள் இறுகுவதோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றதும் கட்டமைப்புப் பொறியாளரின் பார்வைக்கு உரியன. அடித்தளத்தை ஆழப்படுத்த நேர்ந்தால், சுவரின் கீழ் ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ள துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டிக் கற்காரை இடுவர். முழு நீளத்தையும் ஒரே வேளையில் தோண்டினால் சுவர் சரிந்துவிடும்.