மூடியைத் திறந்து வையுங்கள்

பீன்ஸ் பொரியல் பச்சை போய்ப் பழுப்பேறிக் கிடந்தால் காய் பழசு என்று பழி போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் தப்பு காயில் இல்லை, வாணலியை மூடிய தட்டில்.

பச்சையத்தின் மூலக்கூறில் நடுநாயகமாக ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. காய் வேகும்போது அதற்குள்ளிருக்கும் அமிலங்கள் கசிந்து அந்த மெக்னீசியத்தைக் கிளப்பிவிடுகின்றன. உடனே நிறம் மங்கத் தொடங்கும். இந்த அமிலங்களில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடக்கூடியது. மூடி வைத்தால் தட்டில் வேர்த்து மறுபடி காயிலேயே சொட்டும். அதனால் தளதளவென்று கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, திறந்தபடியே வேகவைப்பதுதான் சரி. பொடியாக நறுக்கிய பிஞ்சுக்கு ஐந்தாறு நிமிடம் போதும். சிலர் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுகிறார்கள். பச்சை நிற்கும், ஆனால் காய் கொழகொழத்துவிடும், சத்தும் குறையும். தேவையே இல்லை.

புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் காய் வெந்த பிறகே. புளிப்பு முன்னால் சேர்ந்தால் நிறமும் போகும், காயும் விறைத்துக்கொண்டு வேகாது.

பீன்ஸின் பூர்வீகம் மெக்சிகோவும் ஆண்டீஸ் மலைப்பகுதியும். நம் ஊரில் வெள்ளைக்காரர் காலத்து மலைக்காய். இன்றும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து மேட்டுப்பாளையம், ஒட்டன்சத்திரம் சந்தைகளுக்கு இறங்குகிறது. அந்தக் காலத்துக் காயில் நார் உரிப்பதே பெரிய வேலை. அமெரிக்காவில் கால்வின் கீனி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாரில்லாத ரகத்தை உருவாக்கினார். இன்று பல ரகங்களில் காம்பைக் கிள்ளினால் போதும். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தாலோ விதை புடைத்திருந்தாலோ முற்றல்.

இவ்வளவு பக்குவமும் பார்ப்பது பருப்பு உசிலிக்காகத்தான் என்று தோன்றும். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவைத்து, மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்போடு தண்ணீர் தெளிக்காமல் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் ஆவி கட்ட வேண்டும். ஆறிய பிறகுதான் உதிர்க்க வேண்டும். சூட்டில் கை வைத்தால் களியாகிவிடும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தாராளமாக எண்ணெய் விட்டு, பருப்பு பொலபொலவென்று பொன்னிறமாகும்வரை பொறுமையாக வறுத்து, கடைசியில் வடித்த பீன்ஸைச் சேர்த்து இரண்டு புரட்டு. எண்ணெயில் சிக்கனம் பார்த்தால் உசிலி தொண்டையை அடைக்கும். பக்கத்தில் மோர்க்குழம்பு இருந்துவிட்டால் வேறு கறியே வேண்டாம்.