பெரியப்பா மாத்திரையை மறந்த அன்று

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு மதுரைக்குப் போயிருந்தோம். இரண்டாம் நாள் காலையிலிருந்து பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மூக்கு ஒழுகியது, ஓயாத கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு. ராத்திரி முழுக்கக் காலை ஒரு இடத்தில் வைக்க முடியாமல் உதறிக்கொண்டே இருந்தார். "வைரல் ஃபீவரா இருக்கும்", "தண்ணி ஒத்துக்கல" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கடைசியில் பெரியம்மாதான், "முதுகுவலி மாத்திரைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டோம்" என்றார்.

அந்த மாத்திரையில் இருந்தது டிரமடால். மூன்று வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. பத்து நாள் மூன்று வருஷமாகிவிட்டது. தினம் இரண்டு என்பது ஐந்தாகிவிட்டது. எங்கள் யாருக்கும் அது ஓபியாய்டு வகை என்றே தெரியாது. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓபியாய்டு என்பது அபினியின் சொந்தக்காரக் கூட்டம். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வரும் பாலிலிருந்து கிடைப்பவை மார்ஃபினும் கோடீனும். டிரமடால் ஆலையில் தயாராவது. ஜெர்மனியில் 1977இல் விற்பனைக்கு வந்தது. வேலை செய்யும் இடம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நம் உடம்பே வலியைத் தணிக்க எண்டார்ஃபின், என்கெஃபலின் போன்றவற்றைச் சுரக்கிறது. அவை போய் உட்காருவதற்கு செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. மாத்திரை அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த ஏற்பிகள் வலி பயணிக்கும் பாதையில் மட்டும் இல்லை என்பதுதான் சிக்கல். மூளை, தண்டுவடம், குடல் என்று பல இடங்களில் இருக்கின்றன. முதுகுக்காகப் போட்ட மாத்திரைக்கு முதுகு எது, குடல் எது என்று தெரியாது.

முதலில் குடல். ஓபியாய்டு குடலின் அசைவை மந்தமாக்கும். வயிற்றுப்போக்குக்கு நாம் வாங்கிப் போடும் லோபெரமைடும் ஒரு ஓபியாய்டுதான். வழக்கமான அளவில் அது மூளைக்குள் போகாமல் குடலோடு நின்றுவிடுகிறது. வலி குறைவது, தூக்கக் கலக்கம் போன்ற மற்ற விளைவுகளுக்கு நாளாக நாளாக உடம்பு பழகிவிடும். மலச்சிக்கலுக்கு மட்டும் அவ்வளவாகப் பழகாது. பெரியப்பா மூன்று வருஷமாக ராத்திரி இஸப்கோல் கரைத்துக் குடித்ததை நாங்கள் "வயசாயிடுச்சு" என்று சொல்லிக் கடந்திருக்கிறோம்.

அடுத்தது ஹார்மோன்கள். நீண்ட நாள் எடுக்கும்போது மூளையிலிருந்து இனப்பெருக்கச் சுரப்பிகளுக்குப் போகும் உத்தரவு குறைகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு தப்பும். சோர்வு, ஆசைக் குறைவு, எலும்பு பலவீனம் எல்லாம் அதன் தொடர்ச்சி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். டாக்டரும் கேட்டால்தான் உண்டு.

மூன்றாவது மூச்சு. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மூளைத்தண்டு நம்மை வேகமாக மூச்சு விட வைக்கும். அந்த உணர்வை ஓபியாய்டு மழுங்கடிக்கும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். சில வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பப் பழைய அளவையே போடுவதும் ஆபத்து. அதற்குள் உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும்.

நான் எதிர்பார்க்காதது நான்காவது: வலியே கூடலாம். தினமும் தூண்டப்படும் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. செல் சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் அதே நிம்மதிக்கு அதிக மாத்திரை தேவைப்படுகிறது. சிலருக்கு நரம்புகள் முன்னைவிடக் கூச்சமாகி, சின்ன வலிகூடப் பெரிதாகத் தெரியும். அமெரிக்காவில் நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி உள்ள 240 பேரை 12 மாதம் கவனித்த ஒரு ஆய்வு 2018இல் வெளிவந்தது. நடமாட்டத்திலும் அன்றாட வேலைகளிலும் ஓபியாய்டு எடுத்தவர்கள் சாதாரண வலி மாத்திரை எடுத்தவர்களைவிட மேலாக இல்லை. வலியின் அளவு இரண்டாவது கூட்டத்துக்குத்தான் சற்றுக் குறைவாக இருந்தது.

டிரமடாலுக்கென்று தனிக் குணமும் உண்டு. செரோடோனின், நார்அட்ரினலின் இரண்டையும் அது கூட்டும். அளவு மீறினால் வலிப்பு வரலாம். சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தாலும் சிக்கல். இங்கே பெரும்பாலும் பாராசிட்டமாலோடு கலந்து வருவதால், மாத்திரை எண்ணிக்கை கூடும்போது ஈரலுக்கும் சுமை கூடுகிறது.

சரி, மதுரையில் நடந்தது என்ன? மூளைத்தண்டில் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஒரு சின்னப் பகுதி உண்டு. ஓபியாய்டு அதை அழுத்தி வைக்கும். அழுத்தத்தை ஈடுகட்ட அந்த செல்கள் தங்கள் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மாத்திரை திடீரென்று நின்றால் அழுத்தம் போய்விடும், கூட்டிய வேகம் மட்டும் மிச்சமிருக்கும். அதுதான் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. இறுகியிருந்த குடலும் மறுபக்கம் திரும்பிவிடும். மாத்திரை எதையெல்லாம் செய்ததோ அதற்கு நேர்மாறானது நடக்கும்.

இதைச் சொன்னதும் அண்ணன் கேட்டது: "அப்போ அப்பா போதைக்கு அடிமையாயிட்டாரா?" பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இல்லை என்றுதான் சொல்வேன். உடல் பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் யார் உடம்பும் பழகத்தான் செய்யும். கெடுதல் என்று தெரிந்தும் அடக்க முடியாத ஏக்கத்தோடு தேடிப் போவதுதான் அடிமைத்தனம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக வழி உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

கோபத்தில் அண்ணன் மிச்ச மாத்திரையைத் தூக்கி எறியப் பார்த்தான். அது பெரிய தவறாகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் கடும் வலியும் மன உளைச்சலும், தற்கொலை வரைகூடப் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரித்திருக்கிறது. எங்கள் டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து மாதத்தில் குறைத்தார். கூடவே பிசியோதெரபி. பெரியப்பாவுக்கு இன்னும் முதுகு வலிக்கிறது. ஆனால் இஸப்கோல் டப்பா இப்போது மேஜையில் இல்லை.

இதைப் படித்துவிட்டு மார்ஃபின் என்றாலே பயப்பட வேண்டாம். புற்றுநோய் வலிக்கு அது பெரிய வரம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி விளையும் இந்த நாட்டில், 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகள் வலியோடு கிடந்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தித்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். டிரமடாலை அதே சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2018இல்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அட்டையில் டிரமடால், டபென்டடால், கோடீன் என்று இருந்தால், எத்தனை நாளாகப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டையோடு டாக்டரிடம் போய், "இதை எப்போ, எப்படிக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள்.