மருந்தும் பிறவிக் கூறும்

கோலார் தங்கவயலில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம்மவர்க்குக் காசநோய் புதிதன்று. சுரங்கத்தின் கல்தூசு மார்பில் படிய, அதன்மேல் காசமும் வந்து சேர்ந்த குடும்பங்கள் அங்குப் பல. 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் காசத்திற்கு அன்று உண்ட மாத்திரை ஒன்று, மனநோய் மருந்துகளைப் பற்றி இன்றும் நமக்குப் பாடம் சொல்கிறது.

ஐசோநியாசிட் என்னும் அம்மருந்து 1952இல் வழக்கிற்கு வந்தது. 1956இல் சென்னையில் தோன்றிய காசநோய் ஆய்வு நிலையத்தார் அதை நம் மக்களிடையே ஆராய்ந்தனர். ஒரே அளவு மருந்தைச் சிலருடைய ஈரல் விரைவில் செயலிழக்கச் செய்தது. சிலருடைய ஈரலோ மிக மெதுவாக. தென்னாட்டில் ஏறத்தாழ ஐவரில் மூவர் மெதுவான வகையினர். கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் இவர்களிடமே மிகுதி. அதற்குப் பைரிடாக்சின் என்னும் வைட்டமின் துணை செய்தது. விரைந்த வகையினர்க்கோ, வாரம் ஒருமுறை மட்டும் மருந்தளிக்கும் முறை போதவில்லை. இவ்வேறுபாடு உணவால் வந்ததன்று, ஒழுக்கத்தால் வந்ததுமன்று, பெற்றோரிடமிருந்து வந்தது.

மனச்சோர்வு மருந்துகளிலும் இதே கதைதான். 1969இல் ஸ்வீடனில் இரட்டைப் பிள்ளைகளுக்கு நார்டிரிப்டிலின் கொடுத்துப் பார்த்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இரத்தத்தில் மருந்து ஏறக்குறைய ஒரே அளவாக நின்றது. மற்ற இரட்டையரிடம் வேறுபட்டது. இம்மருந்தைக் கரைக்கும் ஈரல் நொதியின் ஜீன் சிலரிடம் இரட்டித்தும் பலவாகியும் இருக்கும். அவர்களிடம் மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. 2010இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்று, இயற்கையாக இறந்தவர்களைவிடத் தற்கொலையால் இறந்தவர்களிடையே இத்தகையோர் மிகுதி எனக் கண்டது. இதைக் கொண்டு 'தற்கொலை ஜீன்' என்று பேசுவது பெரும் பிழை. கடன், வேலையின்மை, குடி, தனிமை ஆகியவற்றை எந்த நொதியும் விளக்காது. மருந்து பயனளிக்கவில்லையே என்று நோயாளி நம்பிக்கை இழக்கும் இடத்தில்தான் இவ்வறிவு உதவும்.

"அடுத்த வீட்டாருக்குக் கேட்ட மருந்து எனக்கேன் கேட்கவில்லை?" என்று கேட்போர் உண்டு. குற்றம் அவருடையதன்று, அளவை மாற்றலாம், வேறு மருந்தும் உண்டு. ஆனால் அதை மருத்துவரே செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவதும் இருமடங்கு விழுங்குவதும் ஆபத்து. மற்றொன்று: காசத்திற்குத் தரும் ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டி, மனநோய் மருந்துகள் சிலவற்றை விரைவில் கரைத்துவிடும். ஐசோநியாசிட்டோ, அரிதாகச் சிலர் மனத்தையே கலக்கும். ஆதலால் இரு நோய்க்கும் மருந்துண்பவர், ஒவ்வொரு மருத்துவரிடமும் எல்லாச் சீட்டுகளையும் காட்டுக.

மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரு செல்வோர்க்கு அங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை எட்டாத இடமன்று. வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தால் அடுத்த நாள் ரயிலுக்குக் காத்திராமல் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணை உடனே அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.